சங்கமித்ரா அக்கா குண்டானைக் கீழே வைக்கும்போது

சங்கமித்ரா அக்காவின் கதையை ஐம்பது ஞாயிற்றுக்கிழமைகள் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொன்னதில்லை. இந்தத் தடவை தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். தமிழ் என்றால் பொய் வராது என்றில்லை. அக்காவுக்குத் தெரிந்த பாஷையில் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயமாவது இருக்கும்.

என் பெயர் சீனு. சொந்த ஊர் ஆம்பூர். வாரத்தில் ஐந்து நாள் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. லிங்கராஜபுரத்தில் அறை. ஞாயிறு நாலு மணிக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன அரங்கில், கடைசி வரிசைக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்காருவேன். மேடையில் அக்கா தமிழில் பேசப் பேச, அவர் தலைக்கு மேலே உள்ள திரையில் ஆங்கில வரிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவருவது என் பொறுப்பு. அந்த வரிகளை மொழிபெயர்த்ததும் நான்தான். ஊரான் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் தப்பு கண்ணில் பட நாற்பது வாரம் ஆனது.

அக்கா பிறந்தது கல்லுக்குழி காலனியில். விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இப்போது போனால் காலனி இருக்காது, கண்ணாடி போட்ட பெரிய கட்டடமும் வாசலில் இரண்டு செக்யூரிட்டியும் இருப்பார்கள். அக்காவின் அப்பா கேஸ் சிலிண்டர் தூக்கியவர். வீட்டில் சாமி படம் கிடையாது, புத்தர் படம் ஒன்றுதான். மகளுக்கு ஆசையாகச் சங்கமித்ரா என்று பெயர் வைத்தார். ரேஷன் கார்டு எழுதிய ஆள் பாதியிலேயே களைத்துப்போய்ச் சங்கம்மா என்று முடித்துவிட்டார். இன்றுவரை சர்க்காருக்கு அவர் சங்கம்மாதான். அஞ்சாவது வரை கன்னடப் பள்ளிக்கூடம் போனார். கன்னடம் வாசிப்பார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இங்கிலீஷில் பஸ் நம்பரைத் தவிர வேறொன்றும் படிக்கத் தெரியாது.

பதினெட்டு வயதில் முனிராஜ் அண்ணனைக் கட்டிக்கொண்டார். அண்ணன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் தாரணி. அக்கா மூன்று வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்த்து மகளை கான்வென்டில் சேர்த்தார். இதுவரைக்கும் எழுதியதில் நாடகம் போட ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டால் அக்காவை யாரும் மேடை ஏற்றியிருக்கமாட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஐந்து நாள் முன்னால்தான் தாரணி வயசுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டு வயது. புத்தர் படம் மாட்டிய வீடுதான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அக்கா தன் அம்மா செய்ததையே செய்தார். இருப்பது ஒரே அறை. அதன் மூலையில் கயிறு கட்டி, பச்சைச் சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டு, உள்ளே தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றும்வரை ஆண்கள் யார் கண்ணிலும் படக்கூடாது, பெற்ற அப்பாவே பார்க்கக்கூடாது. முனிராஜ் அண்ணன் ஐந்து நாளாகப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார்.

காலை எட்டரைக்கு ஜேசிபி வந்தது. கூடவே போலீஸ். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்துகொண்டிருந்த காலனி அது. ஆனால் அன்றைக்கு என்று யாரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வெளியே ஓட, அக்கா மட்டும் வாசலில் நின்று பெண் போலீஸ் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் நாலு நாள் பொறுங்கள், ஒன்பதாம் நாள் நானே காலி செய்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். காரணத்தையும் காதோடு சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது, ஆனால் அவள் கையில் என்ன இருக்கிறது. கடைசியில் திரையாகத் தொங்கிய சேலையையே அவிழ்த்து மகளைத் தலையிலிருந்து கால்வரை போர்த்தி, கையைப் பிடித்து, நூறு ஆண்களுக்கு நடுவே நடத்திக் கூட்டிவந்தார். சாயங்காலம் வரை தாரணி பிளாட்பாரத்தில் அந்தச் சேலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஊற்றவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. அவ்வளவுதான் அவளுக்கு நடந்த சடங்கு.

அதன்பிறகு ஐந்து வருஷம் தகரக் கொட்டகை. பிறகு ஊருக்கு வெளியே, பஸ்ஸின் கடைசி ஸ்டாப்புக்கும் அப்பால், நாலாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. அக்காவையும் சேர்த்து நாற்பது குடும்பங்களுக்கு அப்படிக் கிடைத்தது. மீதி எழுபது குடும்பங்கள் இன்னமும் தகரத்துக்கு அடியில் இருக்கின்றன.

மல்லேஸ்வரம் வித்யாலட்சுமி மேடம் கொட்டகைக்கு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். நாடகம் போடுகிறவர். கெட்ட மனுஷி என்று எழுதினால் எனக்கு வேலை சுலபமாகும், ஆனால் அவர் அப்படி இல்லை. டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றார். நாலாவது மாடியிலிருந்து பழைய ஜனங்களைப் பார்க்க வந்த அக்காவும் அந்த வட்டத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் போன பண்டத்தைச் சொன்னார்கள். டி.வி., பீரோ, ஆட்டுக்கல். அக்கா பச்சைச் சேலையைச் சொன்னார். ஏழு வருஷமாக யாரிடமும் வாய் திறக்காத விஷயம், ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் வந்துவிட்டது. மேடமும் அழுதார். அன்றைக்கே முடிவாகிவிட்டது, நாடகம் என்றால் இதுதான், நடிப்பது என்றால் இவர்தான். தாரணியை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று மேடத்துக்கோ, மொழிபெயர்க்க வந்து சேர்ந்த எனக்கோ அப்போது தோன்றவே இல்லை. தனக்கும் தோன்றாமல் போனதற்காகத்தான் அக்கா இன்றுவரை தன்னை மன்னிக்காமல் இருக்கிறார்.

நாடகத்தின் உச்சம் அந்தச் சேலைக் காட்சிதான். மேடை நடுவில் பாத்திரங்கள் குவிந்து கிடக்கும். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துவந்து முன்னால் வைத்துக்கொண்டே சொல்லுவார். முதலில் குடம், பிறகு குண்டான், அண்டா, தட்டு, கடைசியில் சொம்பு. ஐந்து பாத்திரம், ஐந்து வாக்கியம். பாத்திரம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டதும் நான் பட்டனை அழுத்துவேன், அடுத்த வரி திரையில் வரும். முதல் சில வாரங்கள் அக்கா பேசுவதைக் கேட்டு அழுத்தினேன். பிறகு சத்தம் போதும் என்று ஆகிவிட்டது. பழகிப்போனால் காது எதைத்தான் கேட்கிறது.

இனி என் திருட்டுத்தனத்தைச் சொல்லிவிட வேண்டும். நாலாவது வாக்கியத்தில், தட்டை வைக்கும்போது, அக்கா தமிழில் சொல்வது இவ்வளவுதான்: "சேலையைப் போத்தி, கையைப் புடிச்சி, மெல்லக் கூட்டியாந்தேன்." இது ஆங்கிலத்தில் எடுபடவில்லை என்று எனக்குப் பட்டது. நான் எழுதியது: அவள் நடந்த வழியெல்லாம் ரத்தம், அதன் மேல்தான் இந்த நகரம் தார் போட்டது. ரத்தம் என்று அக்கா சொல்லவே இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. மேடம் படித்துவிட்டு, "சீனு, நீ கவிஞன்பா" என்றார். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். போஸ்டரில் அந்த வரிதான் போனது, பச்சைச் சேலைப் படத்துக்குக் கீழே.

அந்த போஸ்டர் ஒரு நாள் தாரணியின் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் வேலை பார்க்கிறாள், இருபத்தொரு வயது. பக்கத்து சீட்டு டெரிக் போனை நீட்டி, இது உன் அம்மாதானே என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்றிருக்கிறாள். அப்படியென்றால் அந்தப் பொண்ணு என்று ஆரம்பித்துவிட்டு, கீழே இருந்த வரியைப் படித்து, பாதியில் நிறுத்திக்கொண்டானாம். நிறுத்தியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவோடு பேச்சில்லை.

இதையெல்லாம் அக்கா எனக்குச் சொன்னது ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போது.

"ஏழு வாரமா மாத்தே இல்ல தம்பி, ஒரு பேச்சு கெடையாது. நான் சோறு போட்டா துன்றா, துணி தோச்சா போட்டுக்கினு போறா. ஆனா மூஞ்சிய பாக்கமாட்டா. இன்னான்னாலும் அவங்க அப்பன் கிட்டதான். 'அம்மாவ மாத்திர போட சொல்லுப்பா'ன்றா, நான் அங்கயே குந்தினு கீறேன்."

"எதுக்குக் கோபம்னு சொன்னாங்களாக்கா?"

"ஒரே ஒரு தபா சொன்னா. 'என்னை எதுக்கும்மா ஊருக்கெல்லாம் காட்டற'ன்னு. நியாயம்தானே. அது அவளோட சங்கதி, நான் இன்னாத்துக்குச் சொன்னேன்?"

ரத்தம் என்று நான் எழுதியதை அப்போது சொல்லியிருக்கலாம். டீ சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தேன். கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

அடுத்த வாரம் அக்கா மேடத்திடம் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மேடம், அந்த சேலை சீன் பேடா மேடம், வேணாம். வேற இன்னா வேணா சொல்றேன். கொட்டாயில பாம்பு வந்தத சொல்றேன்."

"அக்கா, அதுதான் நாடகத்தோட உயிரே. அதை எடுத்தா என்ன இருக்கும் சொல்லுங்க?"

"என் பொண்ணு என்னாண்ட பேசறதில்ல மேடம்."

மேடத்துக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. தாரணியிடம் தான் பேசுவதாகச் சொன்னார். அடுத்த மாதம் வீட்டுவசதி அதிகாரிகள் சிலர் நாடகம் பார்க்க வருகிறார்கள், அதுவரை மட்டும் பொறுங்கள் என்றார். அதிகாரிகள் சேதி கொட்டகைக்கும் போய்விட்டது. அங்கே எல்லாருக்கும் முன்னால் நிற்கும் லட்சுமம்மா அன்றைக்கே போன் போட்டாராம். "உனக்கு வூடு வந்துட்ச்சி, எங்களுக்கு வரல. சும்னே இன்னும் கொஞ்ச நாள் சொல்லிக்கினு இரு சங்கமித்ரா." அக்கா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அன்னிக்கு ஒம்பதாம் நாள் வரைக்கும் வுடுங்கன்னு நான் கேட்டேன். இன்னிக்கு எல்லாரும் என்னாண்ட கேக்கறாங்க." ஜேசிபிக்கு முன்னாலாவது கெஞ்ச ஒரு கை கிடைத்தது. இங்கே கெஞ்சுகிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் மாதிரி, யாரை எதிர்த்து நிற்பது?

அதிகாரிகள் வரும் மாதம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு மாதம். பேச்சில்லாத வாரம் பதினைந்தானது.

நாற்பத்தோராவது காட்சி அன்று, ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அக்கா திரைச்சீலை ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு என் மேசைக்கே ஓடிவந்தார்.

"தம்பி, தாரணி வந்துகீறா. மூணாவது வரிசை, ஓரத்துல."

"பேசினாங்களா?"

"இல்ல. அவளுக்கு நான் பாத்தது தெரியாது. நீ மேடத்தாண்ட ஒண்ணும் சொல்லிக்காத."

எட்டிப் பார்த்தேன். நீலச் சுடிதார், மடியில் பை, நிமிர்ந்த முதுகு. பில் கவுண்டரில் உட்கார்வதுபோலவே உட்கார்ந்திருந்தாள். அம்மா தன்னைப்பற்றி என்னதான் சொல்கிறாள் என்று நேரில் கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். விளக்கு அணைந்தது.

பாத்திரக் காட்சி வந்தது. குடத்தை எடுத்துவந்து வைத்தார். டங். அழுத்தினேன். என் வாய்க்குள்ளேயே வரி ஓடும், அவ்வளவு பழக்கம். 'ஐந்து நாளுக்கு முன்புதான் என் மகள் பருவமடைந்தாள்.' குண்டான் வந்தது. அழுத்தினேன். 'எந்த ஆணின் கண்ணிலும் அவள் படக்கூடாது.' முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார், வழக்கமாக உறிஞ்சுகிற இடம்தான். அண்டா. அழுத்தினேன். 'நான்கு நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.'

அப்போதுதான் எனக்கு என்னவோ உறுத்தியது. மேடையில் பேசுவதற்கும் என் வாய்க்குள் ஓடுவதற்கும் நீளம் ஒத்துப்போகவில்லை. எத்தனையோ வாரம் கழித்து முதல் தடவையாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"வூட்ல யாருமே இல்லீங்க," என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையைப் பார்க்காமல், நேராக எதிர்ச் சுவரைப் பார்த்து. "எம் பொண்ணு காலையிலேயே ஸ்கூலுக்குப் போய்ட்டா. யூனிபார்ம் போட்டுக்கினு, ரிப்பன் கட்டிக்கினு போனா. அவ எதையும் பாக்கல, அவளையும் யாரும் பாக்கல. காலி வூட்டத்தான் இடிச்சாங்க. சாமான் மட்டும்தான் போச்சி."

அக்கா பொய் சொல்லிக்கொண்டிருந்தார், மகளை அந்தக் கூட்டத்திலிருந்து மறுபடி ஒருமுறை சேலை போர்த்திக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். தலைக்கு மேலே திரையில் நான் அந்தச் சேலையை இழுத்துக்கொண்டிருந்தேன். அரங்கில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் படித்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

தட்டை எடுத்துவந்தார். திரையை வெறுமையாக்க ஒரு பட்டன் இருக்கிறது, என் விரல் அதன் மேலேயே இருந்தது. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் மேடத்தின் குரல் வந்தது. "அக்கா ஏதோ மாத்திட்டாங்க. நீ விடாதே சீனு, போட்டுக்கிட்டே போ." டங் என்று சத்தம் கேட்டது. போட்டேன். அவள் நடந்த வழியெல்லாம் ரத்தம் என்று திரையில் வந்தது. நீலச் சுடிதாரின் முதுகு அசையவில்லை.

கைதட்டல் அன்றைக்கு அதிகம். விளக்கு வந்ததும் தாரணி என் மேசைக்கு வந்து நின்றாள். முகம் அச்சு அசல் அக்காதான்.

"இங்கிலீஷ் வரி நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"அந்த ரத்தம்?"

"நானா சேத்ததுதாங்க. உங்க அம்மா சொல்லவே இல்ல."

திட்டுவாள் என்று நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"சொல்லலைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது," என்றாள். "நான் அதையும் அம்மாதான் சொல்லிச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்." லேப்டாப்பைக் காட்டினாள். "நான் ஸ்கூலுக்குப் போய்ட்டேன்னு அம்மா சொன்னப்ப மேல இது ஓடிச்சில்ல. இத அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எப்பவும் சொல்லாதீங்க. என்னைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சிக்கினு இருக்கட்டும்."

அதற்குள் அக்கா மேக்கப்பைக்கூடத் துடைக்காமல் வந்துவிட்டார். மகளைப் பார்த்து நின்றார். தாரணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ரிப்பன்லாம் நான் எப்பம்மா கட்டினேன்? ரெண்டு பின்னல் போட்டாலே அவுத்துடுவேனே," என்றாள். பதினைந்து வாரம் கழித்து நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

மறுநாள் மேடத்துக்குப் போன் செய்து, வரிகளை மாற்றிவிடலாம் என்றேன். மேடம் உற்சாகமாக இருந்தார். "மாத்தாதே சீனு. வாய் ஒண்ணு சொல்லுது, திரை ஒண்ணு சொல்லுது. அம்மா மறைக்கிறா, உண்மை மேல தெரியுது. எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அக்கா இனிமே இப்படியே சொல்லட்டும்." அந்த ரத்தம் உண்மையே இல்லை, தாரணி கேட்டுவிட்டுப் போனாள் என்றேன். "போஸ்டர்லயே போயாச்சேப்பா," என்றார்.

அன்றிலிருந்து வாராவாரம் அக்கா காலி வீடு என்றுதான் சொல்கிறார், மேலே என் பழைய வரிகளே ஓடுகின்றன. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனால் என் இடத்தில் வேறொருவன் உட்காருவான். அவன் என்றைக்காவது டீ குடிக்கும்போது, அக்கா, நீங்க சொல்றது ஒண்ணு மேல வர்றது ஒண்ணு என்று சொல்லிவிடுவான். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இது எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் சாக்கு என்று எனக்கே தெரியாது. அதிகாரிகள் இன்னும் வரவில்லை.

போன ஞாயிறு ஐம்பதாவது காட்சி. அக்கா எனக்கு ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்தார். தாரணி கிளறியதாம். மேசையில் வைத்துவிட்டு, தலையைத் தூக்கித் திரையை ஒருதரம் பார்த்தார்.

"எம் பொண்ணு வூட்ல இல்லன்னு நான் சொல்றத நீதான் தம்பி அந்த ஜனங்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்ற. நீ மட்டும் இல்லன்னா அவங்களுக்கு எப்டித் தெரியும்? நீ நல்லா இருக்கணும்."

சாதம் இன்னும் சூடாக இருந்தது. விளக்கு அணைந்தது. மேடையில் அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு நிம்மதியான முகத்தோடு நடந்துவந்தார். கீழே வைத்தார். நான் அழுத்தினேன்.